சின்ன வீட்டில் பாதியில் நிற்கும் வேலைகள்

வீட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் பெரும்பாலும் ஒரு கடையில்தான் தொடங்குகின்றன. ஒரே அளவில் கண்ணாடி டப்பாக்கள், அதற்கு மூங்கில் மூடி, அலமாரிக்குள் வைக்க அளவெடுத்த பிளாஸ்டிக் கூடைகள். எல்லாம் வாங்கி வந்த பிறகு, வேண்டாததைத் தூக்கிப் போடுங்கள் என்பார்கள். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை உள்ள வாடகை போர்ஷனில் ஐந்து பேர் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டு யோசனைகளுமே உதவாது. இருக்கிற டப்பாவை வைக்கவே இடமில்லாதபோது புது டப்பா எதற்கு? தூக்கிப் போட்டதை நாளைக்கு மறுபடி வாங்க நேர்ந்தால் அதற்குக் காசு எங்கே?

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் பேசுவதில்லை. கையில் பணம் புரளும் வீட்டில் ஒரு பொருளை விட்டுவிடுவது சுலபம். தேவைப்பட்டால் கடை இருக்கிறது. மாசக் கடைசியில் நூறு ரூபாய்க்கு யோசிக்கிற வீட்டில், மூடி உடைந்த குக்கரைக்கூட ஒரு காரணத்தோடுதான் வைத்திருக்கிறோம். அதைக் கஞ்சத்தனம் என்றோ, பொருள் மேல் ஆசை என்றோ சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. அது ஒரு முன்ஜாக்கிரதை. இடமோ குறைவு. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2015-ல் நகரங்களுக்கு வந்தபோது, மிகக் குறைந்த வருமானப் பிரிவினரின் வீட்டுக்கு வகுத்த அளவு 30 சதுர மீட்டர், அதாவது சுமார் 323 சதுர அடி. சென்னையில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளிலும் பழைய போர்ஷன்களிலும் லட்சக்கணக்கானவர்கள் அந்த அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் வாழ்கிறார்கள். அந்த இடத்துக்குள் சமையல், தூக்கம், படிப்பு, பண்டிகை, பிரசவம், விருந்தாளி எல்லாம் நடந்தாக வேண்டும்.

எங்கள் வீட்டை நாங்கள் ஒழுங்கு செய்தபோது எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று உண்டு. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை வேண்டாத பொருட்கள் இல்லை. ஒரு வேலை பாக்கி இருக்கிற பொருட்கள். ரிப்பேருக்குப் போக வேண்டிய மிக்ஸி, ஹூக் வைக்க வேண்டிய ரவிக்கை, பக்கத்து வீட்டுக்குத் திருப்பித் தர வேண்டிய தூக்கு, யாரிடமாவது கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டிய காகிதம். அந்த வேலைகளை முடித்தால் போதும், பாதி வீடு தானாக விடுபட்டுவிடும். எதைத் தூக்கிப் போடலாம் என்று தேட வேண்டியதே இல்லை. எதை முடிக்கலாம் என்று தேட வேண்டும்.

ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு ஒயர் கூடை மாட்டியிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், தைக்க வேண்டிய துணி என்போம். ஒரு மத்தியானம் அதைப் பாயில் கொட்டினேன். ஹூக் போன ரவிக்கைகள், ஜிப் பழுதான யூனிஃபார்ம் பேண்ட், ஃபால்ஸ் பாதி தைத்து ஊசியோடு நின்ற வாயில் புடவை, ஒரு பக்கம் பிரிந்த தலையணை உறை, கம்பி வளைந்த குடை, மகனுக்கு எப்போதோ சின்னதாகிப் போன ஸ்வெட்டர். ஊசி நூலோடு உட்கார்ந்து ரவிக்கைகளையும் உறையையும் அன்றைக்கே முடித்தேன். ஜிப் வேலை தெருமுனையில் மெஷின் போட்டு உட்காரும் தையல்காரருக்குப் போனது. குடையை, மழைக்கு முன்னால் ரிப்பேர்க்காரர் தெருவில் கூவிக்கொண்டு வந்தபோது கொடுத்தோம். ஸ்வெட்டர் எதிர் வீட்டுக் குழந்தைக்கு. மிஞ்சியது ஒரு கிழிந்த துணி. அது கரித்துணி ஆயிற்று. காலியான ஒயர் கூடையில் இப்போது வெங்காயம் இருக்கிறது. நாலு பக்கமும் காற்று போவதால் சீக்கிரம் அழுகுவதில்லை.

மிக்ஸியும் இப்படித்தான். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்தது, சமையலறை மேடைக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. ஓடும்போது உள்ளே பொறி பறந்து நின்றுபோனால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டார் சத்தம் வருகிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லை என்றால் ஜாருக்குக் கீழே இருக்கும் ரப்பர் கப்ளரைப் பார்க்க வேண்டும். இரண்டுமே சின்னச் செலவு. எங்களுடையது கார்பன் பிரஷ்தான். மாற்றியதும் ஓடியது. நாத்தனார் வீட்டில் மிக்ஸி போய்விட்டது என்றார்கள், அங்கே கொடுத்தோம். ஓடாத பொருளை யாருக்கும் கொடுக்க முடியாது, விற்கவும் மனசு வராது. ஓடுகிற பொருளுக்குப் போகிற இடம் உடனே கிடைத்துவிடும்.

திருப்பித் தர வேண்டிய பாத்திரங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து பாயசமோ சுண்டலோ வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. உள்ளே ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும். அதனால் நாமும் ஏதாவது விசேஷமாகச் செய்யும்வரை அந்தத் தூக்கு நம் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அதற்குள் இன்னொரு பாத்திரம் வந்துவிடும். இப்படி அடுத்தவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் எங்கள் கடப்பாக்கல் தட்டில் ஒரு மூலையையே பிடித்திருந்தது. நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார்தான் வழி சொன்னார். "ரெண்டு வாழைப்பழம் போட்டுக் குடும்மா. இல்லேன்னா ஒரு கை சர்க்கரை. வெறும் பாத்திரமாப் போகாம இருந்தா சரி." ஒரு சாயங்காலத்தில் எல்லாம் போய்ச் சேர்ந்தன. நம் வீட்டுப் பாத்திரங்களும் அதே வாசல்களிலிருந்து சில திரும்பி வந்தன. அவற்றுக்கு இடம் பழையபடி இருந்தது.

இனி பரண். சின்ன வீடுகளில் பரண்தான் பெரிய அறை. சென்னையில் லாஃப்ட் என்போம். அதை இறக்குவதற்குக் காலம் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறக்கினால் ஈரம் ஏறிவிடும், காய வைக்கவும் முடியாது. தை பிறந்த பிறகு, வெயில் சுள்ளென்று ஏறுவதற்கு முன்னால் காலை நேரத்தில் செய்வது நல்லது. எல்லாவற்றையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பரப்பினோம். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், பல்லி எச்சமும் ஒட்டடையும் சாதாரணமாக இருக்காது.

இறங்கியவை: கொலுப் பொம்மைகள், வேட்டித் துணியில் சுற்றியது. தொட்டில் கம்பும் அதற்கான புடவையும். பொங்கல் பானை. முறுக்கு அச்சு. கார்த்திகை அகல்கள். ஊறுகாய் ஜாடி. பெட்டிக்குள் பெட்டியாக மூன்று சூட்கேஸ். அத்தையின் டிரங்குப் பெட்டி. 14 அங்குல கலர் டிவி, 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த வரிசையில் வந்தது. அப்புறம் காலி அட்டைப் பெட்டிகள். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி, ஃபேன் வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் தெர்மாகோல்.

காலிப் பெட்டியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சொந்த வீட்டுக்காரர்களாக இருப்பார்கள். பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்கு அடுத்த வருஷம் எந்தத் தெருவில் இருப்போம் என்று தெரியாது. வீடு மாற்றும்போது அந்தப் பெட்டி வேண்டும். ஆகவே பெட்டியை வைத்துக்கொள்வது சரிதான். அதைப் பெட்டியாகவே வைத்துக்கொள்ளத்தான் அவசியமில்லை. அடியில் இருக்கும் டேப்பைக் கீறி, மடித்துத் தட்டையாக்கினால் எல்லாம் சேர்ந்து பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு கை அகலத்தில் நின்றுவிடும். தெர்மாகோலில் மூலைத் துண்டுகளை மட்டும் ஒரு பையில் போட்டு வைத்தோம். ஆனால் அட்டையைத் தரையிலோ சமையலறைக்குப் பக்கத்திலோ வைக்காதீர்கள். கரப்பான் அதற்குள் குடித்தனம் நடத்தும். சுவரோடு ஒட்டி வைத்தால் கரையானும் ஏறலாம். எனவே அடியில் இரண்டு செங்கல் போட்டு, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துவது நல்லது.

அந்தப் பழைய டிவியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டில் எத்தனையோ பரண்களில் அது இன்னும் இருக்கிறது. அதன் பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். பழைய சாமான்காரர் செம்புக் கம்பிக்காக அதை உடைத்தால் அந்த ஈயம் உடைப்பவர் கைக்கும் மண்ணுக்கும்தான் போகிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி இதெல்லாம் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்னணுக் கழிவு சேகரிக்க ஆள் வந்த நாளில், கேட்டுக்கொண்டு நாங்களும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். காசு கிடைக்கவில்லை. பரணில் கால்வாசி இடம் கிடைத்தது.

மேலே திரும்ப ஏற்றும்போதுதான் நான் இன்னும் விடாமல் கடைப்பிடிக்கும் ஒரு வழி கிடைத்தது. பொருளின் அளவைப் பார்த்து அடுக்காமல் மாதத்தைப் பார்த்து அடுக்கினோம். பங்குனி, சித்திரையில் வடாம் பிழியும் அச்சும் ஷீட்டும், ஊறுகாய் ஜாடியும். புரட்டாசியில் கொலு. ஐப்பசியில் முறுக்கு அச்சும் பெரிய வாணலியும். கார்த்திகையில் அகல். தையில் பொங்கல் பானை. அடுத்து எது வருகிறதோ அது பரணின் வாய்க்கு நேராக இருக்க வேண்டும். வேலை முடிந்தது உள்ளே கடைசிக்குப் போகும், அடுத்தது முன்னால் வரும். வருஷம் முழுக்க இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பதால் எந்த மூட்டையும் வருஷக்கணக்கில் தொடப்படாமல் கிடப்பதில்லை. ஒரு முழுச் சுற்று முடிந்த பிறகும் இடத்தைவிட்டு அசையாத மூட்டை எது என்று பார்த்தால், பேச வேண்டிய மூட்டை அதுதான். பானைக்குள் அகல், வாணலிக்குள் அச்சு என்று ஒன்றுக்குள் ஒன்று வைப்பது பழைய அடுக்குப் பாத்திர வழக்கம்தான். ஆனால் அடுத்தடுத்த மாதத்துக்கானவற்றை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால்தான் எடுப்பது சுலபம்.

டிரங்குப் பெட்டியை நான் திறக்கவில்லை. ஒரே வீட்டில் நாலைந்து பேர் இருக்கும்போது அடுத்தவர் பொருளுக்கு நாம் முடிவு சொல்லக் கூடாது. வயதானவர்களுக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் முழுக்க அவர்களுடையது என்று சொல்லிக்கொள்ள இருக்கும் இடம். அத்தை தாமாகவே ஒரு நாள் சாவியை எடுத்தார். உள்ளே பித்தளை தவலை, வெண்கல உருளி, நாப்தலின் வாசனையோடு பட்டுப் புடவைகள், என் கணவரின் முதல் வகுப்பு மார்க் ஷீட். தவலையைத் தண்ணீர் பிடிக்க வெளியே எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் உள்ளேயே இருக்கட்டும் என்றார். சரி என்றேன். மேலே ஒரு அடி இடம் மிச்சமிருந்தது, அதில் வீட்டின் போர்வைகளை வைத்துக்கொள்ள அவரே சொன்னார்.

பட்டுப் புடவை விஷயத்தில் மட்டும் எல்லோரையும் எச்சரிக்க விரும்புகிறேன். பழைய பட்டுப் புடவை வாங்குகிறோம் என்று தெருவில் வருகிறவர்களுக்கு வேண்டியது ஜரிகை. அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கும், மேலே பொன் முலாம் இருக்கும். கிழிந்த புடவைதானே என்று ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஜரிகையைச் சோதித்து எடைக்கு விலை சொல்லும் கடைகள் இருக்கின்றன. இரண்டு கடையில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர்களிடம் இன்னொரு சங்கடம். ஒரு மூட்டைத் துணி வெளியே போகும், ஒரு பாத்திரம் உள்ளே வரும். இடம் மிஞ்சுவதில்லை. நமக்கு உண்மையாகவே குறையாக இருக்கும் பொருள் ஒன்றை முன்பே மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். நாங்கள் கேட்டது நல்ல மூடியோடு ஒரு அரிசி டின். அத்தை பேரம் பேசி வாங்கினார். அது வந்ததும் அரிசி இருந்த சாக்கும் இரண்டு வாளியும் இடத்தைக் காலி செய்தன.

பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் பிரித்து வைப்பதால் லாபம் உண்டு. செய்தித்தாளுக்கு ஒரு விலை, நோட்டுக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை. இரும்பையும் அலுமினியத்தையும் கலந்து போட்டால் எல்லாவற்றையும் இரும்பு விலைக்கே எடை போட்டுவிடுவார்கள். பித்தளைக் குழாயும் செம்புக் கம்பியும் இரண்டையும்விட எவ்வளவோ கூடுதல் விலை போகும். ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ்களைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். நம் பெயரும் எண்ணும் இருக்கும் தாளில் யாரோ பஜ்ஜி வாங்கிச் சாப்பிட வேண்டாம். பாடப் புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் மாறியது. அதற்குப் பிறகு வந்த ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான புத்தகங்களைக் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். எங்கள் மாடியிலேயே ஒரு பெண் இருந்தாள்.

காகிதங்களைப் பற்றி எழுதும்போது என் தங்கை வீடு நினைவுக்கு வருகிறது. வேளச்சேரியில் தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. கட்டிலடியில் எவ்வளவு அழகாக அடுக்கியிருந்தார்களோ அவ்வளவும் போயிற்று. கட்டிலடி எல்லோரும் சொல்லும் இடம்தான், ஆனால் சென்னையில் தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் இருப்பவர்கள் அங்கே துணி, புத்தகம், சான்றிதழ் எதையும் வைக்காதீர்கள். பிளாஸ்டிக், எவர்சில்வர், நனைந்தாலும் காய்ந்துவிடும் பாய் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசல் பத்திரமும் சான்றிதழ்களும் ஜிப் கவரில் போட்டு பீரோவின் மேல் தட்டில் இருக்கட்டும். ஒரே கவராக, எடுத்துக்கொண்டு ஓடும்படி.

அந்தக் கவருக்குள் போக வேண்டியவை நாம் நினைப்பதைவிடக் குறைவு. கிரயப் பத்திரம், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், கல்விச் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கி டெபாசிட் ரசீது, இன்சூரன்ஸ் பத்திரம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் அரசு இணையதளங்களிலேயே கிடைக்கின்றன. அவற்றின் பழைய நகல்கள் கட்டுக்கட்டாக வேண்டியதில்லை. டிஜிலாக்கரில் அரசுத் துறை நேரடியாக வழங்கும் ஓட்டுநர் உரிமம் போன்றவை சட்டப்படி அசலுக்குச் சமமாகச் செல்லும். 2017-ல் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்த பிறகும் உள்தாள் ஒட்டி ஒட்டிப் பெருத்த பழைய கார்டை வைத்திருந்தோம். முகவரி மாறிய வரலாறு அதில் இருக்கிறது என்று அத்தை சொன்னதால் அது டிரங்குப் பெட்டிக்குப் போனது. அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டிய பிறகு பிரிக்க முடியாது, பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டி வந்தால் திண்டாட்டம். துருப்பிடிக்கும் குண்டூசிகளைக் கழற்றிவிட்டு நூலால் கட்டுங்கள்.

மருந்துப் பெட்டியில் காலாவதியானவை, ஃப்யூஸ் போன சிஎஃப்எல் பல்பு, தீர்ந்த பேட்டரி, இவற்றைத் திடக்கழிவு விதிகள் தனியாகப் பிரித்துத் தரச் சொல்கின்றன. காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் அப்படியே தனிப் பொட்டலமாகக் கொடுத்தால் அவர் கையில் குத்தாது, கிழிக்காது. சோபா, மெத்தை போல் பெரிய பொருள் என்றால் சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லிக் கேட்கலாம். போகிக்கு அதிகாலையில் டயரையும் பிளாஸ்டிக் பாயையும் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும்தான் மூச்சை அடைக்கிறது. போகிச் சமயத்தில் அவற்றை எரிக்காமல் தங்களிடம் கொடுக்கச் சொல்லி மாநகராட்சியே அறிவிப்பு வெளியிட்டுப் பழைய துணி, பாய், டயர்களை வாங்கிக்கொள்கிறது.

சமையலறையில் நாங்கள் எதுவும் வாங்கவில்லை. ஹோட்டல் பார்சல் டப்பாக்களில் மூடி பொருந்துபவை மட்டும் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம். அதிலேயே பாதி போய்விட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பருப்பு. ஆழமான கடப்பாக்கல் தட்டில் பின்னால் இருப்பது கைக்கு எட்டாது என்பதால், ஒரு பெரிய தாம்பாளத்தில் பாட்டில்களை வைத்து, தாம்பாளத்தோடு இழுக்கிறோம். கேஸ் சிலிண்டரை மறைக்கத் திரை போடலாம், ஆனால் காற்றுப் போக வழியில்லாமல் அடைக்கவோ, படுக்க வைக்கவோ கூடாது. அதன் மேலும் பக்கத்திலும் பேப்பர், துணி, கவர் எதுவும் வேண்டாம்.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தந்த ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீர் பிடிக்க வாங்கிய நீல டிரம் இன்னும் பல வீடுகளில் பாத்ரூம் வாசலை அடைத்து நிற்கிறது. எங்கள் வீட்டிலும் நின்றது. அதைக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அந்தக் கோடை மறுபடியும் வரலாம். கழுவிக் காயவைத்து மொட்டை மாடிப் படிக்கட்டின் கீழே நிறுத்தி, சூட்கேஸ்களில் இரண்டை அதற்குள் இறக்கி மூடியிருக்கிறோம். மழை படாது, எலி போகாது. தண்ணீர்ப் பஞ்சம் வந்தால் சூட்கேஸை வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

பீரோவுக்குத் தாம்பூலப் பைகள்தான் தட்டுப் பெட்டிகள். கல்யாணம் ஒவ்வொன்றிலும் வந்து சேர்ந்த பைகளின் வாயை வெளிப்பக்கமாக மடித்துவிட்டால் துணிப் பெட்டி மாதிரி நிற்கும். உள்பாவாடை, பனியன், சாக்ஸ், கைக்குட்டை எல்லாம் அதற்குள் நிறுத்தி வைத்தால் மேலிருந்து பார்த்து எடுக்கலாம், அடுக்கு கலையாது. புடவைகளுக்கு நடுவே வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து வைக்கிறோம். வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். அதனால் மாட்ட வேண்டிய எல்லாம் கதவுக்குப் பின்னாலும், ஜன்னல் கம்பியிலும், எஸ் கொக்கியிலும் தொங்குகின்றன. கூடுதலாக ஒரு தட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பழைய இரும்பு ரேக் புதிதைவிட உறுதியாகவே கிடைக்கும். போவதற்கு முன் வைக்கும் இடத்தின் அகலம், ஆழம், உயரம் மூன்றையும் அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

இவ்வளவையும் செய்யத் தூண்டியது அழகு இல்லை. என் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். ஹாலில் டிவி, ரூமில் தாத்தா காலத்துக் கட்டில், சமையலறையில் நான். அவள் கட்டில் ஓரத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். யாராவது படுக்க வந்தால் எழுந்துவிடுவாள். வீடு சிறியது என்பதால் ஒருவருக்கு ஓர் இடமே இல்லாமல் போவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதனால் வேலை தொடங்கும்போதே எந்த இடம் காலியாக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம். ரூமில் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே, பழைய தையல் மெஷினும் மூட்டைகளும் நின்ற மூலை. மூட்டைகள் போயின. மெஷின் ஓடும் நிலையில் இருக்கிறது, அதன் மூடியை மடக்கினால் மேஜை. அவள் புத்தகங்களுக்கு ஒரு ஆப்பிள் பெட்டி, பழக்கடையில் கேட்டு வாங்கியது, பக்கவாட்டில் நிறுத்தி இரண்டு தட்டாக வைத்திருக்கிறோம். எனக்குத் தைக்க வேண்டியிருந்தால் அவள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் தைத்துவிடுகிறேன்.

காலியான இடம் இரண்டே நாளில் மறுபடி நிறைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த மூலையில் அது நடக்கவில்லை, காரணம் அத்தை. துவைத்துக் காய்ந்த துணியை மடிக்கும்வரை அங்கே வைக்கலாம் என்று கொண்டுபோனால், "அது பாப்பா எடம், கட்டில்ல போடும்மா" என்று சொல்லிவிடுகிறார். என் கணவர் ஹெல்மெட்டை வைத்தாலும் இதேதான். மகனும் தனக்கு ஓர் இடம் கேட்க ஆரம்பித்துவிட்டான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் அளந்து பார்த்தோம், ஒரு ஸ்டூலும் சின்னத் தட்டும் போடலாம். அங்கே மடித்து நிற்கும் அட்டைப் பெட்டிகளைப் பரண் ஓரத்துக்கு ஏற்ற வேண்டும், அதற்கு முன்னால் ஊறுகாய் ஜாடிகள் கீழே இறங்க வேண்டும். மாங்காய் வரத்து தொடங்கிவிட்டது, இந்த வாரக் கடைசியில் செய்துவிடலாம்.